உஷார்! வீடியோ காலில் வருகிறவன் என்.ஐ.ஏ. இல்லை!

தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வீடியோ கால் வருகிறதா? திரையில் காக்கிச் சட்டை தெரிகிறதா? உடனே துண்டியுங்கள். என்னதான் சொல்கிறான், கேட்டுப் பார்ப்போமே என்று உட்கார வேண்டாம். ‘நான் ஒரு தப்பும் செய்யலையே, எனக்கென்ன பயம்’ என்று தைரியமாக இருந்துவிடவும் வேண்டாம். தப்பே செய்யாதவர்களைத்தான் அவன் தேடிக்கொண்டிருக்கிறான். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காதவர்கள், கோர்ட் என்றாலே கை நடுங்குகிறவர்கள், மானத்துக்குப் பயந்தவர்கள். சுருக்கமாகச் சொன்னால் நீங்களும் நானும்.

நம்ம திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, கோட்டைப் பக்கம் எத்தனையோ தமிழ் வீடுகளில் இன்று இருப்பது வயதான இரண்டே பேர். சில வீடுகளில் ஒருவர்தான். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். மாதா மாதம் பென்ஷன் வருகிறது, வங்கியில் எஃப்.டி. கிடக்கிறது, பேரக்குழந்தை முகம் பார்க்க ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. அவனுக்கு இது போதும்.

ஓர் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். ஏற்கெனவே கூனிக்குறுகிப் போயிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகன் வெளிநாட்டில்.

முதலில் வந்தது ஒரு பதிவு செய்த குரல். ‘உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்.’ அழுத்தினார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அதிகாரி என்று ஒருவன் பேசினான். இந்தி கலந்த ஆங்கிலம். அப்படி ஒரு மரியாதை! ‘மேடம், உங்கள் ஆதாரைக் கொடுத்து மும்பையில் யாரோ சிம் வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் அப்பாவி என்று எனக்குத் தெரிகிறது. உங்கள் நன்மைக்காக மும்பை போலீசுக்கு லைனை மாற்றித் தருகிறேன்.’

அடுத்தது வீடியோ கால். மேஜை, அதன் பின்னால் தேசியக்கொடி, சுவரில் சிங்க முத்திரை, எங்கேயோ வயர்லெஸ் கரகரப்பு. இவனிடம் மரியாதை கிடையாது. தீவிரவாதிகளுக்குப் பணம் போன கணக்கு இவர் பெயரில் இருக்கிறதாம். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு, அதாவது என்.ஐ.ஏ.வுக்குப் போய்விட்டதாம். ‘நான் இல்லைங்க சார்’ என்று அழுதிருக்கிறார். அவன் ஆதார் எண்ணைப் படித்துக் காட்டினான். பன்னிரண்டு இலக்கமும் சரி. அங்கேதான் விழுந்தார். எண் சரியாக இருக்கிறதே, அப்போ ஆளும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? கேளுங்கள்: நம்முடைய ஆதார் நகலை எந்தெந்தக் கடையில், எந்தெந்த லாட்ஜில், எந்தெந்த ஜெராக்ஸ் மிஷின்காரரிடம் கொடுத்தோம் என்று நமக்கே நினைவிருக்கிறதா? அந்த எண் அவனிடம் இருப்பது ஒரு அதிசயமே இல்லை.

பிறகு போனில் ஒரு ‘வாரண்ட்’ வந்தது. முத்திரை, கையெழுத்து, அவருடைய புகைப்படம் எல்லாம் இருந்தன. கடைசியில் அவன் போட்டதுதான் பெரிய பூட்டு. ‘இது தேச ரகசியம். மகனிடம் சொன்னால் மகனும் குற்றவாளி. பாஸ்போர்ட் முடங்கும்.’

எந்தத் தாய் வாய் திறப்பாள்?

மூன்று நாள். போனைச் சாப்பாட்டு மேஜையில் சாய்த்து வைத்து, கேமராவை அணைக்காமல் மூன்று நாள். குளிக்க அனுமதி கேட்டார். சாயங்காலம் விளக்கேற்ற அனுமதி கேட்டார். ராத்திரி தூங்கப் போகும்போது அந்தத் திருடனுக்கு குட்நைட் சொல்லியிருக்கிறார். மகன் வழக்கம்போல் அழைத்தபோது ‘லேசா தலைவலிப்பா’ என்று வைத்துவிட்டார். மூன்றாம் நாள் வங்கிக்குப் போனார். மேனேஜர் கேட்டால் மகனுக்கு இடம் வாங்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும், அதுவும் அவன் சொல்லிக்கொடுத்ததுதான். எஃப்.டி.யை உடைத்து ‘ரிசர்வ் வங்கி சரிபார்ப்புக் கணக்கு’க்கு அனுப்பினார். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் திரும்பி வருமாம். ரிசர்வ் வங்கியின் கணக்கு ஏன் ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் இருக்கிறது என்று கேட்க, கணக்கு டீச்சருக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. தொகையை நான் சொல்லப் போவதில்லை. ஒரு வாழ்நாள் சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘படிச்சவங்க, இப்படியா ஏமாறுவாங்க?’ என்று கேட்காதீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். 2024-ல் யாக்கோபாய சபையின் நிரணம் முன்னாள் ஆயர் கீவர்கீஸ் மார் கூரிலோஸ் இதே வலையில் சுமார் 15 லட்சம் ரூபாய் இழந்தார். வெளியே வந்து சொன்னாரே, அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதே ஆண்டு கொச்சியில் எண்பது வயது தாண்டிய இசையமைப்பாளர் ஜெர்ரி அமல்தேவ் பணம் அனுப்ப வங்கி வரை போய்விட்டார். மேலாளர் சந்தேகப்பட்டுத் தடுத்ததால் தப்பினார். ஹரியானா மாநிலம் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதிக்குச் சுப்ரீம் கோர்ட் உத்தரவையே போலியாக அச்சடித்துக் காட்டி ஒரு கோடிக்கு மேல் கறந்தார்கள். அவர்கள் எழுதிய கடிதத்தைப் பார்த்து 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. டிசம்பரில் நாடு முழுக்க இந்த மோசடிகளை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது. 2024-ல் மட்டும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்கிற இந்த வீடியோ கால் கைதும் அதையொட்டிய மோசடிகளுமாக வந்த புகார்கள் 1,23,672. போன பணம் 1,935 கோடி ரூபாய். இது புகார் கொடுத்தவர்களின் கணக்கு. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்களை யார் எண்ணினார்கள்?

நம் ஊரில் இந்தப் பயம் சுலபமாக வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. ‘தேசத்துரோகம்’ என்ற ஒரு சொல் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று திருவனந்தபுரம் கண்ணால் பார்த்திருக்கிறது. 1994 நவம்பர் 30. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன், நம்ம நாகர்கோவில்காரர், உளவு பார்த்தார் என்று கைது செய்யப்பட்டார். ஐம்பது நாள் உள்ளே இருந்தார். 1996-ல் சி.பி.ஐ. இது பொய் வழக்கு என்றது. ஆனாலும் 2018 செப்டம்பரில்தான் சுப்ரீம் கோர்ட் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த வீட்டார் பட்ட அவமானத்தைப் பத்திரிகையில் படித்த தலைமுறைதான் இன்று பென்ஷன் வாங்குகிறது. அப்புறம் 2020 ஜூலை. நம்ம விமான நிலையத்தில் தூதரகப் பார்சலுக்குள் 30 கிலோ தங்கம்! கஸ்டம்ஸ் பிடித்தது, ஒரு வாரத்துக்குள் என்.ஐ.ஏ. வந்தது. பார்சல், தங்கம், என்.ஐ.ஏ. எல்லாம் இந்த ஊரில் நிஜமாகவே நடந்தவை. அதனால்தான் சில நேரம் சிம்முக்குப் பதிலாக ‘உங்கள் பெயரில் பார்சல்’ என்று அவன் ஆரம்பித்ததும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பொய் வழக்கில்கூட போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்துதான் அழைத்துப் போனது. கோர்ட்டில் நிறுத்தியது. தங்க வழக்கில் என்.ஐ.ஏ. பெங்களூர் வரை நேரில் போய் ஆளைப் பிடித்து, கொச்சி கோர்ட்டுக்குக் கொண்டுவந்தது. தப்போ சரியோ, கைது என்பது ஆள் வந்து செய்வது. வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார்.

நிஜப் போலீஸ் விசாரணை எப்படி நடக்கும் தெரியுமா? 2016 ஆகஸ்டில் நம்ம வெள்ளயம்பலம் ஆல்தறையில் ஏ.டி.எம். கொள்ளை நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ருமேனியாக்காரர்கள் சிலர் சுற்றுலா வந்தவர்கள் மாதிரி தங்கி, புகை கண்டுபிடிக்கிற கருவி மாதிரி ஒரு பெட்டியை ஏ.டி.எம். உள்ளே ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்குள் கேமரா. ரகசிய எண்களைத் திருடி மும்பையில் பணம் எடுத்தார்கள். கேரளா போலீஸ் சத்தமில்லாமல் சி.சி.டி.வி. பார்த்தது, தங்கிய இடங்களைத் தோண்டியது, சில நாளில் மும்பையில் ஒருவனை அமுக்கியது. மற்றவர்களுக்காக இன்டர்போல் வரை போனது. பணம் இழந்தவர்களை வீடியோ காலில் உட்கார வைத்து ‘உங்கள் மிச்சப் பணத்தைச் சரிபார்ப்புக்கு அனுப்புங்கள்’ என்று ஒரு போலீஸ்காரர் கேட்டாரா?

‘உங்களைக் கண்காணிக்கிறோம்’ என்று போன் போட்டுச் சொல்லிவிட்டுக் கண்காணிக்கிற உளவுத்துறை உலகத்தில் எங்கே இருக்கிறது! நிஜமாகவே ஒருவரைக் கண்காணித்தால் அது அவருக்குத் தெரியாது. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய உளவுத்துறையான ஐ.பி.க்கு யாரையும் கைது செய்கிற அதிகாரமே கிடையாது. டிராய்க்கும் ரிசர்வ் வங்கிக்கும் போலீஸ் வேலையே இல்லை. என்.ஐ.ஏ.வுக்கு அதிகாரம் உண்டு. கொச்சியில் கிளை அலுவலகம் உண்டு, கோர்ட் உண்டு. அதன் ஆள் வந்தால் கதவைத் தட்டிக்கொண்டு வருவார்.

வந்தாலும் அவருக்கும் சட்டம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ன சொல்கிறது என்று நம் வீட்டுப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கைது செய்கிறவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் வீட்டாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் கைது என்று சொல்ல வேண்டும். உறவினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சந்தர்ப்பம் தவிர, சூரியன் மறைந்து மறுநாள் உதிக்கும் வரை பெண்களைக் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கு என்றாலும் பெண் போலீஸ் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் வேண்டும். சாட்சி சொல்ல என்றால் பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

உறவினருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். யாருக்கும் சொல்லாதே என்கிறான் அவன். இந்த ஒன்று போதாதா?

இனி அபாய அறிகுறிகள். போன் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

யாரிடமும் சொல்லாதே என்கிறானா? திருடன்! மற்ற அறிகுறி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதீர்கள்.

கேமராவை அணைக்காதே, அறையை விட்டுப் போகாதே, கதவைச் சாத்து என்கிறானா? திருடன்.

ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு லைனை மாற்றுகிறானா? கூரியர் ஆபீஸ், மும்பை போலீஸ், சி.பி.ஐ., அமலாக்கத்துறை, நீதிபதி என்று ஒரே போனில் எல்லோரும் வரிசையாக வருவார்கள். அரசாங்கத்தில் ஒரு கையெழுத்துக்கு எத்தனை நாள் அலைந்திருக்கிறோம்! பத்து நிமிஷத்தில் நீதிபதியே வந்துவிட்டாரா?

முதலில் மிரட்டல், அப்புறம் அன்பு. ஒருவன் கத்துவான். இன்னொருவன் ‘அம்மா, நீங்கள் என் தாயார் மாதிரி, நான் காப்பாற்றுகிறேன்’ என்பான். இந்த இரண்டாமவன்தான் ஆபத்து.

செய்தியில் அப்போது அடிபடுகிற சம்பவத்தை இழுக்கிறானா? இந்தக் கும்பல் தினமும் பேப்பர் படிக்கிறது. ஜெட் ஏர்வேஸ் நரேஷ் கோயல் வழக்கு நடந்தபோது அந்தப் பெயர். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பெயர். நாளைக்கு எது நடக்குமோ அதன் பெயர்.

போனில் எனிடெஸ்க் மாதிரி ஏதாவது ஆப் இறக்கச் சொன்னால், அல்லது திரையைப் பகிரச் சொன்னால், பேசிக்கொண்டே இருக்காதீர்கள். போனையே அணைத்துவிடுங்கள்.

பணம். எந்த ஏஜென்சியும், எந்தக் கோர்ட்டும், சரிபார்ப்பதற்காக உங்கள் பணத்தை இன்னொரு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. சொல்லவே சொல்லாது.

ஒரு ஆறுதலும் உண்டு. தைரியமாக நின்றால் இவர்கள் ஓடுகிறார்கள். 2024 நவம்பரில் நம்ம பேரூர்க்கடை இளைஞர் ஒருவர் இப்படி வந்த அழைப்பில் பேச்சுக் கொடுத்து, எல்லாவற்றையும் பதிவு செய்து வெளியிட்டார். அதே மாதம் திருச்சூரில் ஒருவன் போலீஸ் யூனிஃபார்மில் வீடியோ கால் போட்டான். மறுமுனையில் இருந்தது திருச்சூர் சைபர் போலீஸ்! அவன் முகம் போன போக்கை ஊரே பார்த்துச் சிரித்தது. சிரியுங்கள். ஆனால் வயதானவர்கள் இந்த மாதிரி விளையாட்டுக் காட்ட வேண்டாம், துண்டித்தால் போதும்.

அந்தப் பக்கம் இருப்பது யார் என்று கேட்டால் இன்னும் வயிறு எரியும். மியான்மரின் மியாவடி, கம்போடியா, லாவோஸ் பக்கம் வேலி போட்ட வளாகங்கள் இருக்கின்றன. டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இந்த வேலையில் உட்கார வைக்கிறார்கள். கேரளத்துப் பையன்களும் தமிழ்நாட்டுப் பையன்களும் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். ‘தாய்லாந்தில் வேலை, விசா இலவசம்’ என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் சொன்னால், அதுவும் உஷார்!

காலேஜ் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்த அம்மாவின் பணம் போய் விழுந்த கணக்கு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்க்காகத் தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் தெரிந்தவனிடம் கொடுத்துவிட்ட ஒரு பையனுடையதாக இருக்கும். வாடகைக் கணக்கு. பணம் அதில் விழும், சில நிமிஷத்தில் பத்துக் கணக்காகப் பிரியும், கிரிப்டோவாக மாறி நாட்டை விட்டே போகும். மிச்சமிருப்பது பையனின் பெயர். 2025 அக்டோபரில் கேரளா போலீஸ் ‘சைஹண்ட்’ என்று மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் இறங்கியபோது பிடிபட்டவர்கள் இருநூறுக்கும் மேல். கணக்கை வாடகைக்கு விட்டவர்களைத் தேடித்தான் போனார்கள். அந்தக் கைதுகள் நிஜக் கைதுகள். இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்: ‘உன் கார்டு உன்கிட்டதானே இருக்கு?’

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே சொல்லி நிறுத்தலாம். இதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள். பிறகு ஒருவன் ‘உங்கள் ஆதாரில் மும்பையில் சிம்’ என்று ஆரம்பித்தால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். 1930. இந்த எண்ணை உடனே அழையுங்கள். நாளைக்கு மகன் வந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள், முதல் ஒரு மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை முடக்க அவர்கள் முயற்சி செய்வார்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். அவன் அனுப்பிய வாரண்ட், எண், பணம் போன ரசீது எதையும் அழிக்காதீர்கள். வெட்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் போலீஸ் எதை வைத்துத் தேடும்?

கடைசியாக ஒன்று. இதை யாரும் சொல்வதில்லை. ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது. சில வாரம் கழித்து இன்னொருவன் அழைப்பான். ‘சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஜி.எஸ்.டி. மட்டும் கட்டுங்கள்.’ அந்த அம்மாவுக்கும் வந்தது. நல்லவேளை, அப்போது மகன் ஊருக்கு வந்திருந்தான், போனை வாங்கி வைத்துவிட்டான். முடக்கிய பணம் முறைப்படி, உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்ப வரும். அதை விடுவிக்க எந்தப் போலீஸ்காரருக்கும் போனில் ஒரு ரூபாய்கூட அனுப்பத் தேவையில்லை.